ஒன்றரைச் சுற்று

மார்ச் 3, திங்கள்

இன்று மெஷின் பதினொரு முறை நின்றது. பத்து வரை பொறுத்துக்கொண்டேன். பதினொன்றாவது முறை எட்டி உதைத்தேன். அது போய்ச் சுவரில் மோதிக் கைப்பிடியில் ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். சின்னவன் சிரித்தான். கையில் இருந்த ஸ்பேனரை வீசிவிட்டேன். தோள்பட்டையில் பட்டது.

தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "மாமா, கோவம் மெஷின் மேலன்னா மெஷினை அடிங்க. நான் தினமும் ஒழுங்காத்தான் ஸ்டார்ட் ஆகுறேன்."

மனைவியின் தம்பி என்பதால் தப்பித்தேன். வேறு எவனாவது என்றால் அதே ஸ்பேனரால் என் மண்டையைப் பிளந்திருப்பான். பிளந்தாலும் தகும்.

பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருபத்திரண்டு மரம். பரீட்சை தொடங்குவதற்குள் எல்லாவற்றின் கிளைகளையும் அறுத்து இறக்க வேண்டும். ஒரு வாரத்தில் நான்குதான் ஆகியிருக்கிறது. ஆள் இரண்டு, மரம் அறுக்கும் மெஷின் ஒன்று. அவன் மேலே ஏறி அறுப்பான், நான் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் கிளையை இறக்குவேன். மெஷின் நின்றால் இரண்டு பேரும் சும்மா நிற்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தம்பியின் தோளைப் பார்த்தாள். இந்த நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். போன வருடம் நான் பீரோ கண்ணாடியை உடைத்த மறுநாள் வாங்கிக் கொடுத்தது. "கை ஓங்கணும்னு தோணினா முதல்ல இதுல எழுதுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். நான் எப்போதும் ஓங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிளக்கைக் கழற்றினேன். நுனி கரியாக இல்லை, வெளுத்திருந்தது. ஏன் என்று புரியவில்லை. புதுசு போட்டேன். ஏர் ஃபில்டரைத் தட்டிக் கழுவிக் காயவைத்தேன். டேங்கைக் காலி செய்து புதிதாக ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றினேன். சைலன்சரில் அடைத்திருந்த கரியைச் சுரண்டினேன்.

ஒரு மணி நேரம் தங்கமாக ஓடியது. பிறகு பழைய கதை. விரலை அழுத்தி ரேஸ் கொடுத்தால் பிய்த்துக்கொண்டு போகிறது. விரலை எடுத்தால் இரண்டு இருமல், நின்றுவிடுகிறது. சில சமயம் மூக்கைக் கீழே சாய்த்தால் தானாகவே இரைச்சல் ஏறுகிறது. நிமிர்த்தினால் இறங்குகிறது.

"நம்ம பெரியம்மா மாதிரியே இருமுது. படுத்தா ஒரு சத்தம், உக்காந்தா ஒரு சத்தம்" என்றான் சின்னவன். அப்போதிருந்து மெஷினுக்குப் பெரியம்மா என்று பேர் வைத்துவிட்டான்.

இன்று யாரையும் அடிக்கவில்லை. குத்தியது மரத்தை. விரல் முட்டியில் தோல் போய்விட்டது.

மார்ச் 5, புதன்

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை, ஒரு மேசை, அதில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ். பின்னாலேயே வீடு. அதிகம் பேசாத மனிதர். ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாய்த்துக் கேட்டார். கார்புரேட்டரைத் திறந்து ஊதி, திரும்ப மாட்டி, விரலை எடுத்த பின் இருக்கும் ஓட்டத்தை அளவாக வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருப்பி வைத்தார். விரலை எடுத்ததும் செயின் அசையாமல் நிற்கிறதா என்று மூன்று முறை பார்த்தார். பிறகு தன் மகளின் நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்து ஸ்க்ரூ தலையில் ஒரு பொட்டு வைத்தார். சிவப்பு.

"இப்போதைக்கு இதுதான். ஆனா எங்கயோ வெளிக்காத்து இழுக்குது. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, முழுசா அவுத்துப் பார்க்கணும்."

"ரெண்டு நாள் எங்கங்க இருக்கு? ரெண்டு மணி நேரத்துல பார்க்க முடிஞ்சா பாருங்க."

"ரெண்டு மணி நேரத்துல பார்க்கிறவங்க வேற இடத்துல இருக்காங்க."

மேசையில் ஓங்கி ஒரு அறை விட்டேன். டப்பாவில் இருந்த ஆணிகள் எல்லாம் சிதறின. அவர் அசையவே இல்லை. "நின்னா நிக்கட்டும், கயித்தை இழுத்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கோங்க. இந்த ஸ்க்ரூவை மட்டும் தொடாதீங்க. நின்னுபோற மெஷினால யாருக்கும் ஆபத்து இல்ல" என்றார்.

மார்ச் 6, வியாழன்

ஏழு முறை நின்றது. ஒரே ஒரு மரம்.

மார்ச் 7, வெள்ளி

சின்னவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஸ்லோ ஸ்க்ரூவை ஒரு சுற்று திருப்பினேன். நகப்பாலிஷ் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இன்னும் இருமல். மேற்கொண்டு அரைச் சுற்று.

நிற்கவே இல்லை. நாள் முழுக்க ஒரு முறைகூட நிற்கவில்லை. மூன்று மரம் முடித்தோம்.

விரலை எடுத்த பிறகும் செயின் மெல்ல ஊர்கிறது. அதுவும் எறும்பு ஊர்கிற மாதிரி. சின்னவன் கவனித்துவிட்டான். "மாமா, விரலை எடுத்தாலும் செயின் லேசா நகருதே?"

"மெக்கானிக் புதுசா செட் பண்ணியிருக்காரு. அப்படித்தான் இருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நான்தான் திருப்பினேன் என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ஸ்பேனர் எறிந்தவனுக்கு ஒரு ஸ்க்ரூவைப் பற்றிப் பேச வெட்கமா?

மூன்று மரம். அதைத்தான் நினைக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

கழுவிக் கழுவிப் பார்க்கிறேன். நகக்கண்ணில் போகவில்லை. அவன் ரத்தம். உயிர் இருக்கு. உயிர் இருக்கு. வேற எதுவும் எழுத வரல.

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். அவன் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, கவட்டையில் கால் ஊன்றி நின்றான். இடுப்பில் கயிறு. ஒரு கிளையை அறுத்து முடித்தான். நான் கயிற்றில் அதை இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் எப்போதும் போல விரலை எடுத்துவிட்டு, மெஷினின் மூக்கைக் கீழே சாய்த்துத் தொடைப் பக்கம் தொங்கவிட்டான். பிரேக் போடவில்லை. விரலை எடுத்தால் செயின் நின்றுவிடும் என்று நம்பி வளர்ந்த கை அது.

சத்தம் ஏறியது. யாரும் அழுத்தாமல் ஏறியது. பிறகு அந்தச் சத்தம் மாறியது. மரத்தை அறுக்கும் சத்தமும் சதையை அறுக்கும் சத்தமும் ஒன்றில்லை. இதற்கு முன் எனக்குத் தெரியாது.

அவன் கத்தவில்லை. "மாமா" என்றான், சாதாரணமாக, டீ கேட்கிற மாதிரி.

கிளையைப் போட்டுவிட்டு ஏறினேன். மெஷின் அவன் பெல்ட்டில் கட்டிய வாரில் தொங்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. சுற்றிச் சுற்றி ஆடியது. கை நீட்டி அணைப்பதற்குள் என் உள்ளங்கையையும் கிழித்தது. முழங்காலுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம், கால்சட்டையோடு சேர்த்து உழுதிருந்தது. உள்ளே வெள்ளையாக எதையோ பார்த்தேன். என் பெல்ட்டை உருவித் தொடையில் இறுக்கினேன். பல்லால் கடித்து இழுத்தேன். அவன் இடுப்புக் கயிற்றிலேயே அவனைக் கீழே இறக்கினேன். பள்ளிக்கூட வாட்ச்மேன் வண்டியைக் கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய மச்சான் வந்து நின்றார். மனைவியின் அண்ணன், மூட்டை தூக்குபவர். அவர் கை வைத்தால் சுவர் நகரும். சட்டையைக் கொத்தாகப் பிடித்து என்னைச் சுவரோடு தூக்கினார்.

"என்ன ஆச்சு மாப்ள? சொல்லு."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மெக்கானிக்கிட்ட கொடுத்து வாங்கினோம் மச்சான். அதுக்கப்புறம்தான் இப்படி."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

மெக்கானிக்கின் அறைக்குப் போனோம். மச்சான் முன்னால், நான் பின்னால்.

கேள்வி எதுவும் இல்லை. மச்சான் நேராகப் போய் அடித்தார். மெக்கானிக் மேசையில் சாய்ந்து விழுந்தார், சாமான்கள் எல்லாம் அவர்மேல் விழுந்தன. எழுந்தார். மச்சானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. அன்னிக்கு நான் உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினேன்?"

இன்னொரு வாக்கியம். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் அந்த வாயிலிருந்து வந்திருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஸ்க்ரூ, நகப்பாலிஷ், எல்லாம்.

அந்த வாயில் குத்தினேன். முழு பலத்தோடு. கோபத்தில் அடித்தேன் என்று எழுதத்தான் கை போகிறது. கோபமே இல்லை. வாயை மூடுவதற்காக அடித்தேன். பல் என் விரல் முட்டியில் குத்தியது. கையோடு வந்தது ஒன்று.

அவர் கீழே விழுந்ததும் மச்சான் அவர் வலது மணிக்கட்டில் காலை வைத்து மிதித்தார். "இந்தக் கைதானே செட் பண்ணுச்சு?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தார். குச்சி முறிகிற சத்தம். மெக்கானிக்கின் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து அவர்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டாள். மச்சான் சாணை பிடிக்கும் கிரைண்டரைத் தூக்கி வாசலில் எறிந்தார். தெருவே நின்று பார்த்தது.

திரும்பி நடக்கும்போது மச்சான் என் தோளில் கை போட்டார். "இன்னிக்குத்தான்டா மனசு ஆறுது மாப்ள."



மார்ச் 11, செவ்வாய்

சின்னவனுக்குக் காலில் நரம்பு அறுந்திருக்கிறது. தையல் போட்டிருக்கிறார்கள். பாதம் இனி தானாகத் தூக்காது என்று டாக்டர் சொன்னார். நடப்பான், ஆனால் பட்டை கட்டிக்கொண்டு, காலை இழுத்து. மரம் ஏறுவது முடியாது.

அவளிடம் இதைச் சொன்னது நான்தான். அவள் என் கட்டுப் போட்ட உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 14, வெள்ளி

வாட்ச்மேன் மெஷினைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். செயின் உறைக்குள் ரத்தமும் மரத்தூளும் சேர்ந்து கட்டியாகக் காய்ந்திருந்தது. உள்ளே நார் நாராகத் துணி.

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூ பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு பொருக்கை நகத்தால் சுரண்டினாள். "இது என்ன சிவப்பு?"

"ரத்தம்தான்" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று ஆஸ்பத்திரியில் சின்னவனோடு தனியாக இருந்தேன். வலி மருந்தில் பாதி மயக்கம். வலது கை ஆள்காட்டி விரலை மடக்குகிறான், நீட்டுகிறான், மடக்குகிறான்.

"மாமா, நான் விரலை எடுத்தேனா?"

"என்னடா?"

"எடுத்தேன்னுதான் நினைக்கிறேன். ஆனா செயின் அன்னிக்குச் சும்மா ஊரத்தானே செஞ்சுது. ஊருற செயின் காலை அறுக்குமா? அப்ப நான்தானே அழுத்தியிருக்கணும்?" விரலை மறுபடி மடக்கிக்கொண்டே, "அண்ணன் வந்து மெக்கானிக் கையை உடைச்சதைப் பெருமையாச் சொல்லிட்டுப் போனான். என் விரல் செஞ்ச தப்புக்கு அந்த ஆளை அடிச்சிட்டீங்களோன்னு இருக்கு மாமா. கண்ணை மூடினா அதுதான் வருது."

"தூங்குடா" என்றேன்.

வெளியே வந்து கழிவறைச் சுவரில் தலையை மோதினேன். இரண்டு முறை. மூன்றாவது முறை மோதும்போது ஒரு கிழவர் கை கழுவ வந்தார். "தலைவலியா தம்பி?" என்று கேட்டுவிட்டு மாத்திரை இருக்கும் ஜன்னலைக் காட்டினார்.

என்ன மனுஷன்டா நீ. அடிச்ச அடி எல்லாம் யார் மேல விழுந்திருக்கு பாரு. உன்னைத் தவிர எல்லார் மேலயும்.

மார்ச் 18, செவ்வாய்

மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு.

கதவைத் திறந்தது அவர் மனைவி. என்னைப் பார்த்ததும் உள்ளே போனாள். இரும்புக் குழாயோடு வந்தாள். முதல் அடி தோளில், இரண்டாவது முழங்கையில். மூன்றாவது அடிக்குத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து, "விடு. வரட்டும்" என்று குரல் வந்தது. உதடு வீங்கி, வார்த்தை குழறியது.

மணிக்கட்டில் மாவுக்கட்டு. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. நான் நின்றேன், அவர் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை சுத்து?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒன்றரை."

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு. எனக்கு."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? எட்டு நாளா இந்த வாசல்ல ஒரு மெஷின் வரல. ஆளை அறுக்கிற மாதிரி செட் பண்ணுறவன்னு தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. புகார் கொடுன்னு இவ சொல்றா. கொடுத்தா உங்களைப் பிடிப்பாங்க. அந்த மெஷின்ல என்ன தப்புன்னு எவனாவது பார்ப்பானா? என் பேரு அப்படியே கிடக்கும்." மெஷினைப் பார்த்தார். "மேசை மேல வைங்க. என் கையை ஒண்ணுத்துக்கும் ஆகாமப் பண்ணிட்டீங்க. உங்க கையால அவுங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். முதலில் ரத்தத்தைக் கழுவச் சொன்னார். பிறகு ஸ்க்ரூவை அவர் வைத்த இடத்துக்கே திருப்பச் சொன்னார். ஒன்று, அரை. ஸ்டார்ட் செய்தேன். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் துளித் துளியாகப் பெட்ரோல் விடச் சொன்னார், சூடாவதற்குள். நேராக இருந்தபோது ஒன்றும் இல்லை. "இப்போ மூக்கைக் கீழ சாய்ங்க." சாய்த்தேன். ஒரு துளி விட்டார், இடது கையால். சத்தம் சட்டென்று மாறியது.

அணைத்துக் கழற்றினேன். கார்புரேட்டரைச் சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பர். வளையல் அளவுகூட இல்லை. விரல்களுக்கு நடுவில் வைத்து வளைத்தேன். அடிப்பக்கம் முடி போல ஒரு வெடிப்பு, வாய் திறந்து மூடியது.

"நிமிர்ந்திருந்தா மூடிக்கும். சாய்ச்சா மெஷின் வெயிட்டுக்குத் திறந்துக்கும். வெளிக்காத்து உள்ள போகும், ஸ்பீட் தானா ஏறும். ரெண்டு நாள் விட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்."

எனக்குள் ஒரு பிசாசு தலை தூக்கியது. "அப்ப ரப்பர்தான் காரணமா?" என்றேன்.

அவர் என்னை அருவருப்போடு பார்த்தார். அடித்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"நான் வெச்ச இடத்துல ஸ்க்ரூ இருந்திருந்தா, ரப்பர் கிழிஞ்சும் செயின் லேசா அசைஞ்சிருக்கும், இல்லன்னா மெஷின் நின்னுபோயிருக்கும். ஏற்கெனவே ஊர்ந்துட்டிருந்த செயினை இந்தக் காத்து ஓட விட்டுச்சு. ஊர விட்டது யாரு?"

ரப்பரை மேசையில் வைத்தேன்.

"எங்க நின்னு அடிச்சீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. சத்தமா. எனக்கு அது போதும். ஆனா முதல்ல அந்தப் பையன்கிட்ட."

மார்ச் 22, சனி

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். இன்று அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் அவள் தம்பியின் துணி.

முடிக்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். பதினான்கு வருடத்தில் முதல் முறை. அடுத்து இன்னொன்று. பிறகு எண்ணவில்லை. காது, கழுத்து, நெஞ்சு, கை போன இடமெல்லாம். கை வலித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் தூக்கத்துலயும் விரலை ஆட்டிப் பார்க்கிறான். தெரியுமா உனக்கு?"

உனக்கு என்றாள். இத்தனை வருடம் நீங்க, வாங்க என்றவள்.

"ரத்தம்னு சொன்னியே. நகப்பாலிஷை என் கண்ணு முன்னாடி ரத்தம்னு சொன்னியே. நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா நீ என் பின்னாடி ஒளிஞ்சுக்குவ."

மார்ச் 23, ஞாயிறு

இடது கையால் நோட்டைப் பிடிக்க முடியவில்லை. முட்டுக் கொடுத்து எழுதுகிறேன்.

சின்னவன் கட்டிலில். மச்சான் ஜன்னல் ஓரம். அவள் கதவருகில், நான் வெளியே போக வழியில்லாமல் மறித்து நின்றாள். சொன்னேன். ஸ்க்ரூ, ஒன்றரைச் சுற்று, செயின் ஊர்கிறதே என்று அவன் கேட்டபோது நான் சொன்ன பதில், மெக்கானிக்கின் வாயில் ஏன் குத்தினேன் என்பது. ஒன்றையும் விடவில்லை.

சின்னவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப நான் விரலை எடுத்தேனா?"

"எடுத்துட்ட."

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அந்த அழுகையில் நிம்மதி இருந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மச்சான் என் கழுத்தைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆம்புலன்ஸ் கழுவும் இடத்துக்கு இழுத்துப்போனார். முதல் உதையில் விலா எலும்பு. விழுந்த பிறகு முகம், முதுகு. தடுக்கக் கை உயர்த்தினேன், இடது கையின் இரண்டு விரல் பின்பக்கமாக மடங்கின. திருப்பி அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். எனக்கே ஆச்சரியம்.

"தம்பி காலுக்காக உன்னை அடிக்கலடா" என்று கத்தினார், மூச்சு வாங்கியது. "அது கை தவறி ஆச்சுன்னாகூட விட்டிருப்பேன். ஒண்ணும் தெரியாத மனுஷனை என்னை வெச்சு உடைக்க வெச்சியே. மிதிச்ச காலு இது. என்னோட காலு. இதை நான் எங்க கொண்டுபோய்ப் போடுவேன்?"

அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு பக்கம் கிடந்தேன். அவர் ஒரு பக்கம்.

மார்ச் 24, திங்கள்

அவள் போய்விட்டாள். அண்ணன் வீட்டுக்கு. குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று தெருவில் நின்று சொன்னேன்.

மச்சானும் வந்தார். மெக்கானிக்கின் அறை வாசலில், கிரைண்டர் விழுந்து பெயர்ந்த படிக்கட்டுக்குப் பக்கத்தில். முதலில் நான்கு பேர், பிறகு முப்பது பேர். எனக்குக் குரல் எழும்பவில்லை. மெக்கானிக் படியில் உட்கார்ந்து, "கேக்கல" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். "மெஷின்ல கை வெச்சது நான். இவரு தொடாதன்னு சொல்லித்தான் கொடுத்தாரு."

யாரோ செருப்பை எறிந்தார்கள். நெற்றியில் பட்டது. பின்னாலிருந்து ஒருவன் வந்து பிடரியில் அடித்தான், இன்னொருவன் காறித் துப்பினான். மச்சான் குறுக்கே வரவில்லை. தன் முறை வந்ததும், "மிதிச்சது நான்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பெரிய உடம்பை வளைத்து மெக்கானிக்கின் மனைவி முன்னால் கை கூப்பினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெக்கானிக் எழுந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். இடது கையால்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பள்ளிக்கூட வேலையை வேறு ஆட்கள் முடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் சொன்னார். அந்த ஒரு மரத்தை மட்டும் அடியோடு அறுத்தார்களாம்.

மே 5, திங்கள்

அவள் துணி எடுக்க வந்தாள். அடுக்களையைப் பார்த்துவிட்டுப் பெருக்க ஆரம்பித்தாள். மாலை ஆனது. துணிப்பையைத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள்.

"என்கிட்ட எதுவும் பேசாதீங்க. நானா பேசுற வரைக்கும்."

மீண்டும் நீங்க. ஆனால் பழைய நீங்க இல்லை. அலுவலகத்தில் வெளியாளிடம் பேசுகிற நீங்க.

ஜூன் 16, திங்கள்

மெக்கானிக்கின் மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. சிறு திருகாணிகளைப் பிடிக்க முடியவில்லையாம். சின்னவனைக் கேட்டு ஆள் அனுப்பினார். மேசை வேலைதானே, காலுக்குச் சிரமம் இல்லை. அவன் போகிறான். மச்சான் காலையில் கொண்டுவிட்டு, மாலையில் கூட்டிப்போகிறார். வாசல் வரைக்கும்தான். உள்ளே போவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மழையில் சாய்ந்த மரம் ஒன்று, காலையிலேயே அறுக்கக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் தனியாகத்தான் போகிறேன், தரையில் கிடக்கும் மரங்களுக்கு மட்டும். மெஷினைச் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனேன். மெக்கானிக் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் சின்னவன்.

என்னைப் பார்த்தான். மெஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தான், ஒரே இழுப்பில் பிடித்தது. ரேஸ் கொடுத்தான். விரலை எடுத்துத் தூரமாக, எனக்குத் தெரியும்படி நீட்டி வைத்துக்கொண்டான். செயின் நின்றது. மூக்கைக் கீழே சாய்த்தான். இடப்பக்கம், வலப்பக்கம். தேவைக்கு மேலேயே வெகுநேரம் அப்படிப் பிடித்திருந்தான். அவன் செயினைப் பார்த்தான். நானும் செயினையே பார்த்தேன். ஒரு பல்கூட அசையவில்லை.

அணைத்தான். என் கையில் தரவில்லை. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போய் அடுத்த மெஷினை எடுத்தான்.

"ரப்பரை மாசம் ஒருதடவை பார்த்துக்கோங்க" என்றான், முதுகைக் காட்டியபடி.

"சரிப்பா" என்றேன். எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.